வெளிப்புற ஒலிப்பதிவுக்கு எந்த டிரைபாட்? (பலகைப் பாதையில் ‘டொக் டொக்’ தொல்லை)

ஜூரோங்_காற்று
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். பல மாதமாக இங்கே ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன், இன்றுதான் வாய் திறக்கிறேன்.

பறவை, மழை, சில்வண்டு என்று வெளியே கேட்பதையெல்லாம் பதிவு செய்யும் பித்துப் பிடித்து ஆறு மாதம் ஆகிறது. கையில் இருப்பது பழைய ஜூம் எச்4என் ரெக்கார்டர், ரோமம் வைத்த காற்று உறை ஒன்று, அப்பா கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்த காலத்து அலுமினிய டிரைபாட். அந்த டிரைபாட் என்னைவிட ஒரு வயதுதான் சின்னது.

நேற்று இங்கே சிங்கப்பூரில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் காலை 7 மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய், அலையாத்திக் காட்டுக்குள் போகும் பலகைப் பாதையில் 40 நிமிடம் பதிவு செய்தேன். மூச்சைக்கூட எண்ணி எண்ணித்தான் விட்டேன். வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டால், மீன்கொத்தி கச்சிதமாக விழுந்திருக்கிறது. ஆனால் அடியில் ‘டொக்... டொக்’ என்று கனமாக ஒரு சத்தம். நடுநடுவே ‘டிக்’ என்று மெல்லியதாக இன்னொன்று. காற்றும் அவ்வளவாக இல்லை. நான் அசையவும் இல்லை.

டிரைபாடை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். 150 வெள்ளிக்குள் (டாலர்தான்) முடிக்க வேண்டும். கார்பனா, அலுமினியமா? கடையில் கேட்டால் ‘கேமரா எத்தனை கிலோ?’ என்கிறார்கள். என் ரெக்கார்டர் கால் கிலோவுக்குச் சற்று மேல். கார் கிடையாது, பஸ்ஸும் எம்ஆர்டி ரயிலும்தான்.

---

கிராஞ்சிக்_கொக்கு
ஞாயிறு, இரவு 10.05

‘டொக் டொக்’ என்று கட்டையில் தட்டுவதுபோல் சீராகக் கேட்டால் அது டிரைபாட் இல்லை, பக்கிக் குருவி! இங்குள்ள பெரிய வால் பக்கி இருட்டியதும் அப்படித்தான் கத்தும். என் தங்கை ஒரு மாதம் மேல்வீட்டுக்காரர் ஆணி அடிக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் காலை ஏழு மணிக்கு மேல் என்கிறீர்கள். அப்படியானால் பக்கி தப்பித்தது.

---

பழைய_டேப்
ஞாயிறு, இரவு 11.20

தம்பி, முதலில் பணப்பையை மூடி வையுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் டிரைபாட் வாங்குவது, எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்லாமல் பல்லைப் பிடுங்கச் சொல்வது மாதிரி.

நாளைக்கு வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். ரெக்கார்டரை டிரைபாடில் மாட்டி, ஒலி அளவைக் கூட்டி, ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காலையும் நகத்தால் தட்டுங்கள். பிறகு லேசாக உலுக்குங்கள். பூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். கேமராவைத் திருப்பும் கைப்பிடி, நடுத்தண்டின் அடியில் தொங்கும் கொக்கி, தட்டைக் கழற்றும் நெம்புகோல், ரெக்கார்டரின் மணிக்கட்டுக் கயிறு, எதையும் விடாதீர்கள். வீடியோ டிரைபாடில் ஆடுவதற்கென்றே பத்துச் சாமான்கள் இருக்கும். கேமராவுக்கு அவை ஆடினால் கவலையில்லை. மைக்குக்கு ஒவ்வொன்றும் ஒரு ஜால்ரா.

‘டிக்’ அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘டொக்’ வேறு கதை. அது உங்களுக்குப் பின்னால் யாரோ நடந்த சத்தம் என்று பந்தயம் கட்டுவேன்.

---

ஜூரோங்_காற்று
ஞாயிறு, இரவு 11.31

ஆனால் பக்கத்தில் யாருமே இல்லையே சார். ஒரு தாத்தா பெரிய லென்ஸோடு நின்றார், அவ்வளவுதான். அவரும் நல்ல தூரத்தில்.

---

பழைய_டேப்
ஞாயிறு, இரவு 11.38

காதுக்குத் தூரம், பலகைக்குப் பக்கம். பலகைப் பாதை என்பது தூண்களுக்கு மேல் கிடக்கும் ஒரு நீண்ட மத்தளம். அவர் காலை மாற்றி நின்றாலே போதும். பலகை வளையும், உங்கள் டிரைபாட் கால் மூன்றும் அதை வாங்கி நேராக மைக்கிடம் கொடுக்கும். காற்று வழியாக உங்கள் காதுக்கு வருவதற்குள் அந்தச் சத்தம் தேய்ந்துவிடும். கட்டை வழியாக வருவது அவ்வளவு தேயாது.

---

மூன்றாம்_கால்
திங்கள், காலை 8.02

என் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், நான் டிரைபாட் எதிரி. மூன்று வருடமாக ஒன்றுகூட வாங்கவில்லை. ரெக்கார்டரைச் சின்ன பீன்பேக் மேல் வைத்துத் தரையில் கிடத்துவேன். இல்லையென்றால் துணிப் பட்டையால் பெரிய மரத்தின் அடியில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். பெரிய மரம் காற்றுக்கு அசையாது, எடை பூஜ்யம், செலவு மூன்று வெள்ளி. மரத்தோடு ஒட்டி இருப்பதால் யார் கண்ணிலும் படாது. தரையை ஒட்டினால் காற்றும் குறைவு.

150 வெள்ளியை நல்ல மைக்கில் போடுங்கள். பழைய எச்4என்னில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் வருமே, அதை எந்த டிரைபாடும் தீர்க்காது.

---

உபின்_படகு
திங்கள், மதியம் 12.47

மூன்றாம்_கால் சொல்வதில் பாதிதான் சரி.

தரையை ஒட்டினால் காற்று குறைவு என்பது உண்மை. ஆனால் ‘தரையை ஒட்டி’ என்றால் ஒட்டியே இருக்க வேண்டும். பலர் குட்டி டிரைபாடில் ஒரு சாண் உயரத்தில் வைக்கிறார்கள், அங்கேதான் வம்பு. மரத்தின் மேலிருந்து பறவை கூவுகிறது என்று வையுங்கள். அந்த ஒலி மைக்குக்கு நேராக ஒரு தடவை வரும், தரையில் பட்டுத் திரும்பி இன்னொரு தடவை வரும். மைக் 10 செ.மீ. உயரத்தில் இருந்தால் இரண்டாவது ஒலி 20 செ.மீ. கூடுதலாக நடக்கிறது. ஒலி வினாடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகும். கணக்குப் போட்டால் 850 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்று பள்ளம் விழுகிறது. அதற்கு மேலேயும் பள்ளங்கள் வரிசையாக வரும். சிமெண்டுத் தரையில் இது நன்றாகக் கேட்கும், குழாய்க்குள் தலையை விட்டதுபோல். சருகு மெத்தை போட்ட மண்ணில் அவ்வளவு தெரியாது.

ஒன்றரை மீட்டருக்கு உயர்த்தினால் முதல் பள்ளம் 57 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். அங்கே பறவை பாடுவதில்லை. மேலே வரும் பள்ளங்களும் நெருக்கமாக விழுவதால் காது பொருட்படுத்தாது. ஆகவே ஒன்று தரையோடு தரை, இல்லையென்றால் நெஞ்சு உயரம். நடுவில் நிற்காதீர்கள்.

மரத்தில் கட்டும் விஷயம். புலாவ் உபின் தீவில் ஒருமுறை கட்டிவிட்டு இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்தேன். பதிவில் கேட்டது 47 நிமிடம் எறும்பு. மைக்கின் மேல் ஊர்கிற எறும்பு, லாரி சரளைக் கல்லில் போவதுபோல் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

---

மூன்றாம்_கால்
திங்கள், மதியம் 1.10

எறும்பு டிரைபாடில் ஏறாதா அக்கா?

---

உபின்_படகு
திங்கள், மதியம் 1.15

ஏறும். ஆனால் மூன்று கால்தானே. ஒவ்வொரு காலிலும் வேப்பெண்ணெய் நனைத்த துணியை ஒரு சுற்றுச் சுற்றுவேன். மரம் முழுக்கச் சுற்ற முடியுமா?

---

ஜூரோங்_காற்று
செவ்வாய், இரவு 8.55

பழைய_டேப் சார் சொன்ன சோதனையைச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

‘டிக்’: கைப்பிடி. திருப்பும் கைப்பிடியின் திருகு தேய்ந்துபோய் ஒரு மில்லிமீட்டர் ஆடுகிறது. ஊதினாலே டிக் என்கிறது.

‘டொக்’: இன்று வேலை முடிந்து ஜூரோங் லேக் கார்டன்ஸ் போய், அங்குள்ள பலகைப் பாதையில் வைத்துப் பார்த்தேன். மெதுவோட்டக்காரர் ஒருவர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஹெட்போனில் வந்துவிட்டார். பத்தடி தள்ளி மண் தரைக்கு மாற்றினேன். சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. பந்தயப் பணத்துக்குப் பதிலாக டீ வாங்கித் தருகிறேன்.

கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டால் இந்த டிரைபாடே போதுமா? ஆனால் இது இரண்டரை கிலோ. சுங்கை பூலோ போக கிராஞ்சி வரை ரயில், பிறகு பஸ், பிறகு நடை. தோள் பட்டை அறுந்துவிட்டது.

---

பழைய_டேப்
செவ்வாய், இரவு 10.30

டீ வேண்டாம், தேக்கா சந்தையில் ஒரு பிரியாணி.

போதும், ஆனால் நீங்கள் சுமக்க மாட்டீர்கள். இரண்டரை கிலோ டிரைபாடை மூன்றாவது வாரம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவீர்கள், பிறகு கையில் பிடித்துப் பதிவு செய்வீர்கள், அதோடு எல்லாம் முடிந்தது. நான் பார்த்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நிறுத்தினார்கள். அதனால் புதிதாக வாங்குவதில் தப்பில்லை. ஆனால் எதை?

கடைக்காரர் எத்தனை கிலோ என்று கேட்பது கேமராவுக்குச் சரி. லென்ஸ் ஒரு மயிரிழை நகர்ந்தால் படம் கலங்கும். மைக் ஒரு அங்குலம் மெதுவாகச் சாய்ந்தாலும் யாருக்கும் தெரியாது. நமக்குத் தேவை மூன்றுதான்: தானாகச் சத்தம் போடக் கூடாது, விழக் கூடாது, எடை குறைவாக இருக்க வேண்டும்.

நான் இருபது வருடமாக வெளியே எடுத்துப் போவது டிரைபாடே இல்லை, லைட் ஸ்டாண்ட். விளக்கு மாட்டும் ஸ்டாண்ட். மான்ஃப்ரோட்டோவின் நேனோ மாதிரி ரகங்கள் ஏறக்குறைய ஒரு கிலோ, மடித்தால் அரை மீட்டர், விரித்தால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வரும். தலைப்பகுதி கிடையாது, கைப்பிடி கிடையாது, தட்டு கிடையாது. ஆட ஒன்றுமில்லை. பழையது 40, 50 வெள்ளிக்குக் கரோசல் விற்பனைச் செயலியில் கிடைக்கிறது.

ஒரே குறை: சில மாதிரிகளைத் தவிர, கால்கள் மூன்றும் ஒன்றாகவே விரியும். சரிவில், மர வேர்களுக்கு நடுவில் நேராக நிற்காது. புக்கிட் தீமா மலைக்காட்டுக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் கேமரா டிரைபாட்தான் சரி, காலைத் தனித்தனியாக நீட்டலாம். அப்போதும் தலையைக் கழற்றிவிடுங்கள். கழற்றினால் அடியில் 3/8 அங்குலத் திருகு தெரியும், அதில் நேராக மாட்டுங்கள். அரைக் கிலோ குறையும், சத்தமும் குறையும்.

இனி மரை விஷயம், அதாவது திருகின் அளவு. இதில் எல்லோரும் ஒருமுறையாவது காசை விட்டிருப்பார்கள். ரெக்கார்டரின் முதுகில் இருப்பது 1/4 அங்குலம், கேமராவில் இருப்பது அதேதான். டிரைபாடின் தலைக்கு அடியில் 3/8. மைக் ஸ்டாண்டிலும் மைக் கிளிப்பிலும் பெரும்பாலும் 5/8, ஐரோப்பியச் சாமான் என்றால் 3/8. இதுவரை சரி. லைட் ஸ்டாண்டின் உச்சியையும் கடையில் ‘ஐந்தே எட்டு’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது மரை இல்லை! 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழவழப்பான முளை. அதன் நுனியில் 1/4 திருகு இருக்கும். ‘5/8’ என்ற சொல்லை நம்பி மைக் கிளிப்பை வாங்கிக்கொண்டு போய் அதன்மேல் திருகிப் பார்த்துத் திருதிருவென்று விழித்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவரைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

1/4-க்கு 3/8, 3/8-க்கு 5/8 மாற்றுத் திருகு இரண்டும் பித்தளையில் வாங்கிப் பையிலேயே போட்டு வையுங்கள். திருகும்போது நடுவில் ஒரு ரப்பர் வாஷர்.

---

கிராஞ்சிக்_கொக்கு
செவ்வாய், இரவு 11.02

கார்பனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே. கார்பன் அதிர்வை விழுங்கும் என்று படித்திருக்கிறேன். நான் 400 வெள்ளிக்கு வாங்கியதே அதற்காகத்தான்.

---

பழைய_டேப்
புதன், காலை 6.50

விழுங்கும். குழாயைத் தட்டினால் அலுமினியம் மணிபோல் கொஞ்ச நேரம் பாடும், கார்பன் சட்டென்று அடங்கும். வெயில் ஏறும்போது அலுமினியக் கால் சூடாகி லேசாக ‘டிங்’ என்பதையும் கேட்டிருக்கிறேன், கார்பனில் கேட்டதில்லை. ஆனால் பலகையிலிருந்து ஏறிவரும் காலடிச் சத்தத்தை அது நிறுத்தாது. அந்த அதிர்வு மிகவும் தாழ்ந்த சுருதி, குழாய் எதுவாக இருந்தாலும் மேலே போய்ச் சேரும். அதை நிறுத்துவது மைக்கைத் தொங்கவிடும் ஷாக் மவுண்ட். அதுவும் முழுக்க நிறுத்தாது. மிச்சத்துக்கு ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸ் லோ கட், அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டும் வசதி.

உங்கள் 400 வெள்ளி வீணில்லை. நீங்கள் வாங்கியது எடைக் குறைவு. அமைதியை வாங்கியதாக நினைத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

---

கிராஞ்சிக்_கொக்கு
புதன், காலை 7.15

காலங்காத்தால இப்படியா சார் போட்டு உடைப்பீர்கள்.

---

உபின்_படகு
புதன், காலை 9.30

கொக்கு மனதை விடாதீர்கள், கடலோரத்தில் கார்பனுக்கு ஒரு நன்மை உண்டு: குழாய் துருப்பிடிக்காது, அரிக்காது. ஆனால் பூட்டும் திருகும் உலோகம்தானே. செக் ஜாவா போய்விட்டு வந்தால் எந்த டிரைபாடையும் அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டைத் திறந்து வைத்துக் காய வைக்க வேண்டும். திருகுப் பூட்டுக்குள் மணல் போனால் அரைவை மில் மாதிரி கேட்கும், கழற்றித்தான் துடைக்க வேண்டும். நெம்புப் பூட்டில் மணல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் மூடும்போது ‘டப்’ என்று ஊரையே எழுப்பும். எனக்கு நெம்புதான் பிடிக்கும். போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை டப், அதற்கப்புறம் தொடவே மாட்டேன்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. இடி. இந்த ஊரில் ஆண்டுக்கு 150 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது. திறந்த கரையில் இரண்டு மீட்டர் உலோகக் கம்பத்தை நட்டுவிட்டுப் பக்கத்தில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பது நாமே இடிதாங்கி வைத்ததுபோல. கார்பனும் மின்சாரம் கடத்தும், அதில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. இடியைப் பதிவு செய்ய ஆசை எனக்கும் உண்டு, அதற்குக் கூரைக்கு அடியில் இருந்து செய்யுங்கள். வானிலை ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் மின்னல் எங்கே விழுகிறது என்று வரைபடத்திலேயே தெரியும். பிற்பகல் மேகம் கறுத்தால் நான் முதலில் மடக்குவது ஸ்டாண்டைத்தான், பிறகுதான் குடை.

---

தவில்_வீட்டுப்பிள்ளை
புதன், மாலை 6.18

பறவைக்காரர்கள் நடுவில் ஒரு கோயில்காரன்.

தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை போகும் காவடி ஊர்வலத்தைப் பதிவு செய்கிறேன். 2016 முதல் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி உண்டு, அந்த இடங்கள்தான் என் வேட்டை. அந்தக் கூட்டத்தில் மூன்று கால் விரித்தால் முதல் ஐந்து நிமிடத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள், அதுவும் காவடி எடுப்பவர் என்றால் பெரும் பாவம். எனக்கு ஒற்றைக்கால் கம்பம்தான். பெல்ட்டில் ஒரு பை தைத்து, கம்பத்தின் அடியை அதில் ஊன்றி, மைக்கைத் தலைக்கு மேல் ஒரு மீட்டர் உயர்த்திப் பிடிப்பேன். கை அசைவு கேட்காதா என்றால், கேட்கும். ஆனால் உறுமியும் தவிலும் அடிக்கும்போது கம்பத்தின் முனகல் யார் காதில் விழப்போகிறது? அமைதியான இடத்தில்தான் டிரைபாட் குறைகள் தெரியும். சத்தமான இடத்தில் கம்பே போதும்.

தவிலுக்கு ரொம்ப நெருங்காதீர்கள். மைக் உடையும் முன் உங்கள் காது உடையும்.

---

ஜூரோங்_காற்று
புதன், இரவு 9.22

ஸ்டாண்ட் காற்றுக்குச் சாய்ந்துவிடாதா? காற்று உறை ஒரு பலூன் மாதிரி இருக்கிறது. மணல் மூட்டையெல்லாம் சுமக்க முடியாது.

---

பழைய_டேப்
புதன், இரவு 9.50

குடிக்கக் கொண்டுபோகும் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்தான் உங்கள் மணல் மூட்டை. ஒன்றரை கிலோ. ஸ்டாண்டின் கால் கூடும் இடத்தில் கட்டுங்கள், ஆனால் தொங்கவிடாதீர்கள், தரையில் பாதி படும்படி வையுங்கள். தொங்கினால் மணிக்கு நாக்குக் கட்டிய மாதிரி ஆடி இடிக்கும். தாகம் எடுத்தால் பாதிக்கு மேல் குடிக்காதீர்கள் :)

முழு உயரத்துக்கு ஏற்றவும் வேண்டாம். அடியில் உள்ள தடித்த குழாயை முதலில் நீட்டுங்கள், உச்சியில் உள்ள மெல்லிய குழாயைக் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும். காலை அகல விரியுங்கள். ஒரு கால் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

---

மூன்றாம்_கால்
வியாழன், காலை 8.30

எல்லாம் சரி, ஸ்டாண்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்காருங்கள் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். இந்த ஊரில் அது நடக்குமா?

சென்ற ஆண்டு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மழைச் சத்தம் பதிவு செய்யப் போனேன். நண்பனிடம் ஸ்டாண்ட் இரவல். (ஆமாம், டிரைபாட் எதிரிதான், ஒருநாள் கற்பு கெட்டது.) வைத்துவிட்டு முப்பதடி தள்ளித் தூணுக்குப் பின்னால் நின்றேன். இரவு பதினொன்றரை. ரோமம் வைத்த ஏதோ ஒன்று கம்பத்தின் மேல் நிற்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, பக்கத்தில் ஆளில்லை. மின்தூக்கியிலிருந்து இறங்கிய ஆன்ட்டி ஒருவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் ‘ஆன்ட்டி, என்னுடையதுதான்’ என்று தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்ததுதான் பெரிய தப்பு. அவர் போட்ட அலறல் பதிவில் இருக்கிறது. மழையைவிடத் தெளிவாக.

எம்ஆர்டி நிலையத்தில் ‘சந்தேகத்துக்குரிய பொருள்’ அறிவிப்பை நான்கு மொழியிலும் கேட்டு வளர்ந்த ஜனங்கள். ஆளில்லாத கம்பத்தைப் பார்த்தால் போன் போடத்தான் செய்வார்கள். அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது.

---

உபின்_படகு
வியாழன், காலை 10.05

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

அதனால்தான் நான் ஸ்டாண்டில் பெரிய எழுத்தில் அட்டை ஒன்று மாட்டுவேன்: ‘ஒலிப்பதிவு நடக்கிறது, ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்’, ஆங்கிலத்திலும். நீளமான கேபிள் இருந்தால் மைக்கை மட்டும் ஸ்டாண்டில் வைத்து, ரெக்கார்டரை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளலாம். பத்து மீட்டர் கேபிள் போதும். பார்வையிலும் இருக்கிறீர்கள், உங்கள் வயிறு உறுமுவதும் மைக்கில் விழாது.

மனிதர்களைவிட எனக்குப் பயம் குரங்குதான். நீள வால் குரங்குக்கு அந்த ரோம உறை ஏதோ குட்டி மிருகமாகத் தெரிகிறதோ, பழமாகத் தெரிகிறதோ. மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டில் ஒன்று வந்து ஸ்டாண்டைப் பிடித்து ஏறி, உறையை உருவி, தலையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டது. ஸ்டாண்ட் விழவில்லை என்பதற்காக அந்த ஸ்டாண்டைத் தயாரித்தவருக்கு நன்றி சொன்னேன். இப்போது குரங்கு உள்ள இடத்தில் பழுப்பு உறைதான், சாம்பல் நிறத்தை வீட்டில் விட்டுவிடுகிறேன். பலன் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

---

கிராஞ்சிக்_கொக்கு
வியாழன், மதியம் 12.40

ஜூரோங்_காற்றுக்கு ஒன்று. டிரைபாட் இருக்கட்டும், இடத்தை மாற்றுங்கள். இங்கே சூரியன் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டியே உதிக்கிறது. பறவைகள் அதற்கு அரை மணி முன்பே கச்சேரியைத் தொடங்கிவிடும். சுங்கை பூலோ கதவு ஏழுக்குத் திறக்கிறது. நீங்கள் உள்ளே போய் ஸ்டாண்டை விரிப்பதற்குள் மங்களம் பாடிவிடுவார்கள். அதோடு அந்தப் பக்கம் தெங்கா விமானத் தளம், போர் விமானம் கிளம்பினால் பதிவு அம்போ.

ரயில் காரிடார் இரவும் பகலும் திறந்திருக்கும். 2011-ல் ரயில் நின்ற பழைய மலாயா ரயில் பாதை, 24 கிலோமீட்டர். மண்ணும் சரளையும் உள்ள பகுதிகளில் ஸ்டாண்ட் நன்றாக நிற்கும், பலகைத் தொல்லை இல்லை. ஆறே காலுக்குப் போய் நில்லுங்கள். குண்டுக்கரிச்சான் தொடங்கும், குயில் சேரும், அப்புறம் மைனாக்கள் வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். பாதையை விட்டு ஓரமாக வையுங்கள், சைக்கிள்காரர்கள் இருட்டில் வேகமாக வருவார்கள்.

---

ஜூரோங்_காற்று
ஞாயிறு, காலை 11.15

அறிக்கை சமர்ப்பிக்கிறேன்.

கரோசலில் பழைய லைட் ஸ்டாண்ட், 45 வெள்ளி. விற்றவர் கிளமெண்டி நிலையத்தில் வந்து கொடுத்தார், ‘எந்த மாதிரி விளக்கு?’ என்று கேட்டார், ‘பறவைக்கு’ என்றேன், மேலே ஒன்றும் கேட்கவில்லை. பித்தளை மாற்றுத் திருகு இரண்டு, ஆளுக்கு மூன்று வெள்ளி. ரப்பர் வாஷர் வீட்டுக் குழாயிலிருந்து. (அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அடுப்படிக் குழாய் சொட்டுகிறது.) மிச்சத்தில் ஷாக் மவுண்ட் ஒன்று.

இன்று காலை 6.10-க்கு ரயில் காரிடார். உயரம் நெஞ்சளவு, போத்தல் தரையில், நான் எட்டடி தள்ளிப் புல்லில். 6.31-க்கு முதல் குண்டுக்கரிச்சான். கேட்கிறபோது முதுகில் சிலிர்த்தது. அடியில் ஒன்றும் இல்லை. டொக் இல்லை, டிக் இல்லை. ‘ஸ்ஸ்ஸ்’ மட்டும் இருக்கிறது, மூன்றாம்_கால் சொன்ன அதே எச்4என் இரைச்சல். டொக் போனதும் இது இன்னும் பெரிதாகக் கேட்கிறது.

6.52-க்கு ஒரு மாமா சைக்கிளில் வந்தார். கூடையில் ரேடியோ. பழைய சீனப் பாட்டு, முழுச் சத்தம். ஸ்டாண்டைப் பார்த்ததும் நிறுத்தி, ரேடியோவை அணைத்து, உதட்டில் விரல் வைத்துக்காட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனார். இருபது மீட்டர் தள்ளிப் போய் மறுபடி போட்டார். அந்தத் துண்டைத்தான் காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

---

பழைய_டேப்
ஞாயிறு, மதியம் 12.02

அந்தத் துண்டை வெட்டிவிடாதீர்கள் தம்பி. குழாய் வாஷரை மாற்றிப் போடுங்கள், பத்துக் காசு.

---

உபின்_படகு
ஞாயிறு, மதியம் 12.30

அடுத்த மாதம் உபினில் ஜெலுத்தோங் முகாமிடத்தில் ஒரு இரவு தங்கப் போகிறோம், வருகிறீர்களா? விடியலுக்கு முன்பே தீவில் இருக்க அதுதான் வழி. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், விடியற்காலையில் எங்கே பன்னிரண்டு பேரைப் பிடிப்பது. வைக்கோல் நிறத் தலை புல்புல் அங்கே இன்னும் பாடுகிறது, உலகத்தில் அது மிச்சமிருக்கும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஸ்டாண்டின் காலுக்கு வேப்பெண்ணெய்த் துணி கொண்டுவாருங்கள்.

---

ஜூரோங்_காற்று
ஞாயிறு, மதியம் 12.41

கண்டிப்பாக அக்கா.

---

மூன்றாம்_கால்
ஞாயிறு, மதியம் 12.58

அப்பாவின் பழைய டிரைபாடை என்ன செய்யப் போகிறீர்கள்? தூக்கிப் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள். கைப்பிடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

---

கிராஞ்சிக்_கொக்கு
ஞாயிறு, மதியம் 1.00

அடப்பாவி.